பஞ்சு மாட்டிய டம்ளர்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், மூன்றே பேர். கீழ்வீட்டில் வீட்டுக்காரர்கள். கணவர் ஒரு ஃபவுண்டரியில் மரத்தில் அச்சு செய்யும் வேலையில் இருந்தார். நான் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன்.

செக்கிங் என்றால் உட்கார்ந்த இடத்தில் டிக் போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். லேத்தில் கடைந்து வருகிற ஒவ்வொரு சாமானின் விளிம்பிலும் பிசிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் தெரியாத, விரலுக்கும் தட்டாத பிசிர் இருக்கும். அதைப் பிடிக்க எங்களிடம் ஒரு எளிய வழி உண்டு. சின்னப் பஞ்சு உருண்டையை எடுத்து விளிம்பைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டுவோம். பஞ்சு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தால் பாஸ். ஒரே ஒரு இழை மாட்டினாலும் ரிஜெக்ட். நான் நடந்து வந்தால் லேத்துக்காரர்கள், "அம்மணி பஞ்சோட வருதுடா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். என் கையைத் தாண்டிப்போன சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நடந்தது அதுதான்.

இந்தத் திமிரோடுதான் பாட்டில் அறுக்கவும் இறங்கினேன். சர்ச்சில் கொடுத்த ஒரு படத்துக்குச் சட்டம் போடக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சின்னச் சக்கரம் வைத்த கட்டரால் கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுத்து, மேஜை ஓரத்தில் வைத்து லேசாகத் தட்டினார். பிஸ்கட்டைப் பிட்ட மாதிரி இரண்டாக வந்தது. இதேபோல பாட்டிலை அறுக்க முடியுமா என்று கேட்டேன். "பாட்டலு உருண்டையால்ல இருக்குது. அதெல்லாம் ஆவாதுங்க" என்றார். என்னிடம் போய் ஆவாது என்று சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கே அதேபோல ஒரு கட்டரை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

கணவர் மரத்துண்டில் ஒரு நீளமான பள்ளம் செதுக்கி, அதன் ஓரத்தில் கட்டரை அசையாமல் பிடித்துக்கொள்ளும்படி ஒரு கட்டை வைத்துக் கொடுத்தார். பாட்டிலைப் பள்ளத்தில் படுக்க வைத்து மெதுவாக ஒரே ஒரு சுற்று உருட்டினால், கட்டர் சுற்றிலும் மயிரிழை போலக் கோடு போடும். இரண்டாவது சுற்று உருட்டவே கூடாது. பிறகு அந்தக் கோட்டின் மேல் கொதிக்கிற தண்ணீரை மெல்லிசாக ஊற்றிக்கொண்டே திருப்பி, உடனே பச்சைத்தண்ணீர் வாளியில் முக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாட்டிலின் கழுத்து ஒரு கையில், அடிப்பாகம் மறுகையில் வந்துவிடும். அந்தச் சத்தத்தை முதல்முதலாகக் கேட்ட நாளில் நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகளைக் கூப்பிட்டு, கணவரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பாதியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அறுப்பது பாதி வேலைதான். அறுத்த விளிம்பு கத்தி. தடிமனான ஒரு கண்ணாடிப் பலகையில் எமரித் தூளும் தண்ணீரும் போட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, மாவாட்டுகிற மாதிரிச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். அதன் பிறகு நனைத்த எமரிப் பேப்பரால் வெளி ஓரத்தையும் உள் ஓரத்தையும் தனித்தனியாக மழுக்க வேண்டும். கடைசியில் பஞ்சு. ஒரு டம்ளருக்கு முழுசாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விடும்.

பாட்டிலுக்குப் பழைய பேப்பர் கடைதான் கதி. கனமான கண்ணாடி வேண்டும் என்பதால் பீர் பாட்டிலாகப் பொறுக்கி எடுத்தேன். இரண்டு கட்டைப்பை நிறையச் சுமந்துகொண்டு தெருவில் நடந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்காரரு ரொம்பக் குடிக்கறாருங்களா" என்று அனுதாபமாகக் கேட்டார். என் கணவர் வெறும் மோரைத் தவிர எதையும் தொட்டதில்லை. அன்றிலிருந்து தெருவில் யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூட அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

பூ ஜாடி, பேனா வைக்கிற கிண்ணம், சர்ச்சில் மெழுகுவர்த்திக்குக் காற்றுமறைப்பு என்று என்னென்னவோ செய்தேன். ஆனால் என் மனதுக்குள் இருந்தது டம்ளர்தான். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர். அந்த ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர். கூரையடியில் ஒரு கம்பியில் கவிழ்த்து மாட்டியிருக்கும். நாமே எடுத்து, எட்டி நின்று நீட்டி, டீ வாங்கிக் குடித்துவிட்டு, நாமே கழுவி அதே கம்பியில் மாட்ட வேண்டும். சின்ன வயதில் நான் கூடவே போய் இதைப் பார்த்திருக்கிறேன். அப்பா அதை ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கழுவி மாட்டிவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நடப்பார்.

அதனால் ஆறு டம்ளர் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே கனம். கலந்து வைத்தால் எது எது என்று செய்த எனக்கே தெரியக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு அப்பா வரும்போது அந்த டம்ளரில் அவருக்கு நான் கொடுக்க வேண்டும். அதே மாதிரி டம்ளரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவரும் குடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் எங்கள் வீட்டுக்கார அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் ஒன்பது வீடு பார்த்திருந்தோம். எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவே மாட்டார்கள். "வாங்க, உக்காருங்க" என்பார்கள். மோர் கொடுப்பார்கள். "எந்தூருங்க" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அங்க எந்தப் பக்கமுங்க" என்பார்கள். அதற்கும் பதில் சொன்னபிறகு குரல் இன்னும் கொஞ்சம் மரியாதையாகிவிடும். "தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க தம்பி குடும்பம் வாரேன்னு சொல்லியிருக்குதுங்க." ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது தம்பிகள். அந்த இனிப்பான பேச்சைக் கேட்டுக் கேட்டு, யாராவது ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்தாலே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

பத்தாவதாகப் பார்த்தது இந்த வீடு. அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் ஊரும் கேட்கவில்லை, பக்கமும் கேட்கவில்லை. "தண்ணி ஏத்துனா மறக்காம மோட்டார நிறுத்திப்போடோணும்ங்க. அது ஒன்னுதான்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். என் மகளைக்கூட "சாப்டீங்களா கண்ணு" என்று 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். நான் மொட்டைமாடியில் டம்ளர் தேய்த்துக்கொண்டிருந்தால், துணி காயப்போட வந்தவர் அப்படியே பக்கத்தில் குத்தவைத்துப் பார்ப்பார். பஞ்சு எதற்கு என்று ஒருநாள் கேட்டார். ஓட்டிக் காண்பித்தேன். ஒரு இழைகூட மாட்டவில்லை. "பஞ்சு பொய் சொல்லாதுங்கக்கா" என்று நான் பெருமையடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கேட்காமல் வீடு கொடுத்தது பெருந்தன்மையாலா, இல்லை தெரியாமலா என்று மட்டும் எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அது.

டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் ஆறு டம்ளரும் தயாராகிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அவற்றைக் கழுவும்போது ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து சுக்கலாகிவிட்டது. குடிக்கப்போவது ஐந்து பேர்தான், ஆனாலும் ஆறு இருந்தால்தான் செட் என்று மனம் கேட்கவில்லை. கேக் மாவு ஒரு பக்கம், திராட்சை ரசம் வடிகட்டுவது ஒரு பக்கம், மகளின் புதுச் சட்டைக்குப் பட்டன் தைப்பது ஒரு பக்கம். அதற்கு நடுவில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை எடுத்து அறுத்தேன். அடி அழகாக வந்தது. அவசர அவசரமாகக் கவிழ்த்துத் தேய்த்தேன், வெளி ஓரத்தை மழுக்கினேன். உள் ஓரம் போதும்போல இருந்தது. பஞ்சை எடுக்கவே இல்லை. கம்பெனியில் லேத்துக்காரர்களின் அவசரத்தைப் பிடிக்க நான் ஒருத்தி இருந்தேன். வீட்டில் லேத்தும் நானே, செக்கிங்கும் நானே.

மறுநாள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பதினொரு மணிக்கு அக்காவைக் கூப்பிட்டேன். தட்டில் வாழைப்பழமும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா வெள்ளை வேட்டியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்ததும் எழுந்துவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க" என்று அக்கா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். ஆறு டம்ளரிலும் திராட்சை ரசம் ஊற்றித் தட்டில் கொண்டுவந்தேன். எது புதிது, எது பழையது என்று எனக்கே தெரியவில்லை. நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே.

அப்பா டம்ளரைத் தூக்கிக் காட்டி, "எம்புள்ள செஞ்சதுங்க. பாட்டல அறுத்துச் செஞ்சுபோட்டுது" என்றார். அவர் என்னைப் பற்றி வெளியாளிடம் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்காவும் சிரித்துக்கொண்டு, "தெரியுமுங்க, பஞ்சு ஓட்டறதக்கூட எனக்குக் காட்டுச்சுங்க" என்றார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டார்.

"உங்களுக்கு எந்தூருங்க?"

அப்பா ஊரைச் சொன்னார்.

"அட, எங்கம்மா ஊரு அதுக்குப் பக்கந்தானுங்க. அங்க எந்தப் பக்கமுங்க?"

அப்பா தயங்கவே இல்லை. "ஊருக்குக் கெழக்கால, காலனிங்க" என்றார்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு டம்ளரை வாயில் வைத்தார். ஒரே ஒரு வாய். அவர் முகம் சட்டென்று மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையை எடுத்து வாயை அழுந்தத் துடைத்து, அப்படியே பொத்திக்கொண்டார். "போதுமுங்க. அடுப்புல வெச்சது ஞாபகம் வந்துருச்சு. பொறகு வாரனுங்க" என்று முந்தானைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு, மளமளவென்று படியிறங்கிப் போய்விட்டார். டம்ளர் நிறைய ரசம் அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்தார். தான் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனார். என் வீட்டில், நான் செய்த டம்ளரை, தானே கழுவித் தானே கவிழ்த்து வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உடம்பெல்லாம் எரிகிற கோபம். அக்காவின் டம்ளரில் இருந்ததை அங்கணத்தில் கொட்டினேன். கையால் தேய்த்துக் கழுவக்கூட மனம் வராமல், தண்ணீரை மட்டும் ஊற்றிச் சமையலறை ஜன்னலுக்கு மேலே இருந்த பலகையில் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். இந்த வீட்டில் இனி அதில் யாரும் குடிக்க வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டுப்போடு" என்றார் கணவர். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

நாலைந்து நாள் அக்கா மேலேயே வரவில்லை. படியில் எதிர்ப்பட்டாலும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. அதற்கடுத்த நாள் அவரே கதவருகில் வந்து நின்றார்.

"அம்மணி, ஒன்னு சொல்லோணும்ங்க. தப்பா நெனச்சுக்கக் கூடாது."

ஒன்பது வீட்டில் கேட்ட அதே முன்னுரை. அதற்கு மேல் ஒரு சொல் கேட்க எனக்குத் தெம்பில்லை. "நீங்க சொல்ல வேண்டாமுங்க. நாங்களே காலி பண்ணிக்கிறோம். பொங்கலுக்குள்ள போயிருவோம்" என்றேன். அக்கா திகைத்துப்போய் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான், வேலை இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றது கதவுக்கடியில் தெரிந்த நிழலில் தெரிந்தது. பிறகு நிழல் போய்விட்டது.

வீடு தேடும் படலம் திரும்பவும் ஆரம்பித்தது. மறுபடி மோர், மறுபடி "எந்தப் பக்கமுங்க", மறுபடி யாரோ ஒரு தம்பி. மகளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. தூரமாகப் போனால் அவளை யார் கொண்டுபோய் விடுவது என்று கணவர் கேட்டார். என் வேலையை விட வேண்டி வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இறங்கிப்போக மனம் வரவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில் ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை காலை, சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். டம்ளர்கள் எல்லாம் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விட்டன. மகளுக்குத் தாகம். குடிக்க டம்ளர் எதுவும் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னல் பலகையில் இருந்த அந்த ஒற்றை டம்ளரை எடுத்து, குடத்தில் மொண்டுகொண்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

திடீரென்று அக்காவின் சத்தம் கேட்டது. "குடிக்காத கண்ணு. கீழ வெய்யி அத."

அந்தக் குரலில் ஒரு 'ங்க' இல்லை. கயிறும் கையுமாக வெளியே ஓடினேன். மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா, காய்ந்த துணிகளையெல்லாம் படியில் போட்டுவிட்டு, என் மகளின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவள் பாவாடையெல்லாம் சிந்திவிட்டது. அவள் மிரண்டுபோய் அழுதாள்.

எனக்கு மூன்று வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "எம்புள்ள எங்க டம்ளர்ல குடிக்கறதுக்குக்கூட உங்க உத்தரவு வேணுமுங்களா? நீங்க வாய் வெச்ச டம்ளர்னு பிடுங்கறீங்களா? எங்கப்பன் காலனிங்கன்னு சொன்ன அடுத்த நிமிசம் டம்ளரக் கீழ வெச்சீங்களே, நாங்க பாக்கலன்னு நெனச்சீங்களா? கேக்காம ஊடு குடுத்தது தெரியாமக் குடுத்ததுன்னு இப்பத்தான் தெரியுது." இன்னும் என்னென்னவோ சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை.

நான் பேசப் பேச அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நான் மூச்சு வாங்க நின்றபோது டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"பஞ்சு ஓட்டிப் பாருங்க அம்மணி."

என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. என் கைப்பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். ஏன் எடுத்தேன் என்று தெரியாமலே உள்ளே போய் எடுத்து வந்தேன். விளிம்பில் வைத்துச் சுற்றினேன். வெளி ஓரம் வழுக்கிக்கொண்டு வந்தது. உள் ஓரத்தில் கால் சுற்றுகூட வரவில்லை. பஞ்சு நின்றுவிட்டது. இழுத்தேன். ஒரு கொத்து இழை விளிம்பில் மாட்டி, வெள்ளையாக நின்றது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், நகத்துணுக்கு அளவுக்குக் கண்ணாடி அங்கே சில்லாகப் பெயர்ந்திருந்தது.

அக்கா கீழுதட்டை விரலால் மடக்கிக் காட்டினார். உள்பக்கம், குறுக்கே ஒரு தடித்த சிவப்புக் கோடு. மூன்று வாரம் ஆகியும் முழுசாக ஆறவில்லை.

"அன்னிக்கு மொத வாயிலயே கிழிச்சுப்போட்டுதுங்க. வாயெல்லாம் ரத்தம். திராச்ச ரசமானதால உங்களுக்குத் தெரியல. உங்கப்பா எம்புள்ள செஞ்சதுன்னு அத்தன பூரிப்பாச் சொல்லிட்டு உக்காந்திருக்கறாரு. நோம்பியும் அதுவுமா, அவுரு முன்னால நான் எப்படிங்க சொல்றது? கண்ணாடிச் சில்லு ஏதும் உள்ள போயிருக்குமோன்னு பயந்துட்டு ரெண்டு நாளு வெறும் வாழப்பழமாத் தின்னுட்டுக் கெடந்தனுங்க."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமேங்கக்கா" என்றேன்.

"சொல்றதுக்குத்தானுங்க வந்தன். கொழந்த இருக்கற ஊடு, அந்த டம்ளர எடுத்துப்போடுங்கன்னு சொல்லோணும்னு. நீங்க கதவச் சாத்திப்போட்டீங்க. தெனமும் அதே நெனப்புதான். இன்னிக்குக் கொழந்த கையில அந்த மாதிரி டம்ளரப் பாத்ததும் எனக்கு உசுரே இல்லீங்க. புடுங்கி வெரலு வெச்சுப் பாத்தா, அதேதானுங்க."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் என் மடியில் வந்து சாய்ந்தாள். அவளுடைய உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அக்கா ஒரு நொடி பிந்தி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும். மூன்று வாரமாக இந்த மனிதரை நான் என் மனதுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் அல்ல. அன்று வந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் கேட்காமல் விட எனக்கு மனம் இல்லை. "அன்னிக்கு எங்கப்பாகிட்ட எந்தப் பக்கம்னு எதுக்குங்க கேட்டீங்க?"

அக்கா கீழே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பழக்கமுங்க. எங்கூட்டுல எல்லாரும் கேப்பாங்க. வாய் தானாக் கேட்டுப்போட்டுது. கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றார். மழுப்பாமல் சொன்னார். அந்தப் பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. பிறகு அவரே போய் என் அட்டைப்பெட்டிகளின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஓட்டு வீட்டுக்காரருக்கு, வரவில்லை என்று அன்று மாலையே கணவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த டம்ளரை உடைத்துப் போட்டுவிடச் சொன்னார் கணவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் ரிஜெக்ட் ஆனதைத் திரும்பக் கடைந்து சரி செய்வதும் உண்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்தச் சில்லு மறையும் வரைக்கும் தேய்த்தேன். உள் ஓரம், வெளி ஓரம், பஞ்சு. மறுபடி உள் ஓரம், வெளி ஓரம், பஞ்சு. கடைசியில் பஞ்சு எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் டம்ளர் மற்ற ஐந்தைவிடக் கால்வாசி விரல்கடை குட்டையாகிவிட்டது. ஒரே உயரம் என்ற என் கணக்கு போயே போய்விட்டது.

ஈஸ்டருக்கு அப்பா வந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். "பாவம், அந்தம்மா வாயக் கிழிச்சுப்போட்டியே. இதுல கம்பெனில செக்கிங் வேற" என்று சிரித்தார். அவர் சிரித்ததும்தான் எனக்கு நெஞ்சுச்சுமை இறங்கியது. அக்காவை மேலே கூப்பிட்டேன். ஆறு டம்ளரிலும் திராட்சை ரசம் ஊற்றினேன். அக்கா குட்டை டம்ளரைப் பார்த்துவிட்டு, "எனக்கு அதுலயே குடுங்க. அது என்ற டம்ளரு" என்றார்.

"எங்கூட்டுல யாருக்கும் தனி டம்ளரு கெடையாதுங்கக்கா. கைக்கு வர்றதுல குடிங்க" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டு, தட்டில் பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டார். குட்டை டம்ளர் அப்பாவின் கைக்குப் போனது. அவர் அதைச் சுற்றிப் பார்த்து, "பஞ்சு ஓட்டினியா" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைத்தார். அக்கா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து டம்ளரை மேஜையில் வைத்தார். அப்பாவும் குடித்து முடித்து, தன் டம்ளரை அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். குழாயடிக்குப் போகவில்லை. நாற்காலியில் முதுகு சாய உட்கார்ந்துகொண்டு, அக்காவின் அம்மா ஊரில் இந்த வருடம் தேங்காய் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மேஜையில் இருந்த இரண்டு டம்ளரையும் நான்தான் எடுத்துச் சேர்த்துக் கழுவினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும், யாராவது என் வீட்டில் டம்ளரைப் பாதியில் கீழே வைத்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. அந்தச் சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால் நான் அதை விட்டுவிடவில்லை, ஆனால் முதலில் விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பார்க்கிறேன், அது வழுக்கிக்கொண்டு வந்தால்தான் எதிரில் இருக்கிற மனிதரைச் சந்தேகப்படுகிறேன்.